ஓட்டத்தைப் படத்தில் பிடிக்க

நேயர்களுக்கு வணக்கம். வேகமாகப் போகும் சைக்கிளைப் படமெடுத்தால், நிறுத்தி வைத்த சைக்கிள் போலத்தான் பல சமயம் விழுகிறது. ஆட்டோ மோடில் விட்ட கேமரா, நல்ல வெயிலில் வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டரை 1/1000 நொடி மட்டுமே திறக்கக்கூடும். அதற்குள் எதுவும் நகர நேரமில்லை. அந்த நேரத்தை நீங்கள் தீர்மானியுங்கள். படத்துக்கு உயிர் கொடுக்க, புது லென்ஸ் வாங்குவதைவிட இது நல்ல வழி.

ஓடுவதோடு சேர்ந்து கேமராவையும் திருப்பியபடியே எடுக்கும் பேனிங் முறையில் தொடங்கலாம். கேமராவின் டயலை, ஷட்டர் நேரத்தை நாமே வைக்க உதவும் எஸ் (S) அல்லது டிவி (Tv) என்ற குறிக்குத் திருப்பி, ஷட்டர் வேகம் 1/30 நொடி, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓ 100, நகர்வதை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் என்று வையுங்கள். சைக்கிள் உங்களுக்குக் குறுக்காகப் போக வேண்டும். அழுத்தப்போகும் இடத்தைப் பார்த்தபடி பாதங்களை அகட்டி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்புங்கள். தூரத்தில் வரும்போதே ஓட்டுபவரின் முகத்தைச் சட்டத்துக்குள் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, கூடவே திரும்பி, நேரெதிரே வந்ததும் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் படம் கெடுவது இங்கேதான்: விரல் அழுத்தும்போதே உடம்பும் நின்றுவிட, பின்னணி தெளிவாகி, சைக்கிள் கலங்கிவிடுகிறது.

படம் மேலும் கீழுமாக இழுபட்டிருந்தால் பட்டனைக் குத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், மெதுவாக அழுத்துங்கள். எல்லாமே கலங்கினால் 1/60 நொடியில் கை பழகட்டும். பின்னணியையும் கவனியுங்கள். வெறும் வானம் கோடாக இழுபடாது. மரங்களும் வேலியும் அருமையாக இழுபடும்.

வெளிச்சம்தான் பெரிய தொல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பான அபெர்ச்சரைச் சிறிதாக்கி எஃப் 16 என்று வைத்தாலே சுமார் 1/100 நொடி போதும். 1/30 நொடி திறந்தால் மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சம் புகுந்து படம் வெளுத்துவிடும். மேகமூட்டத்திலோ மாலையிலோ எடுங்கள், அல்லது வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி 8 ஃபில்டர் மாட்டுங்கள். பெரும்பாலான செல்போன்களில் அபெர்ச்சரை மாற்ற முடியாது. அமைப்புகளை நாமே மாற்றும் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தைக் குறைக்க மாலை வெளிச்சமே கைகொடுக்கும்.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, 1/4 நொடி வைத்து, நடமாட்டத்தின் நடுவே ஒருவரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். விரல் பட்டால் கேமரா அதிரும் என்பதால் 2 நொடி டைமர் போடுங்கள். சுற்றி நடப்பவர்கள் குறுக்கே போகும்போது படம் விழும்படி, அந்த 2 நொடி முன்பே அழுத்துங்கள்; நேராக உங்களை நோக்கி வருபவர்கள் அவ்வளவாக இழுபட மாட்டார்கள்.