இன்ஜின் ஓடாத நாளில் நடக்கும் வேலை

(காட்சி: அணைந்து ஆறிப்போன நீராவி இன்ஜின். பாய்லரின் பக்கத்தில் சாய்த்து வைத்த நீண்ட ஸ்பேனர்.)

நீராவி ரயிலைப் பார்க்க வருபவர்கள் விசில் சத்தத்தையும் வெண்புகையையும் துடைத்து மினுக்கிய பித்தளையையும் நினைவில் கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதே இன்ஜின் மறுநாளும் ஓட வேண்டுமானால், அவர்கள் போன பிறகு யாராவது ஒருவர் இன்ஜினின் முன்பக்கம் உள்ள புகைப்பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே குவிந்து கிடக்கும் கரித்தூளை வாரிக் கொட்ட வேண்டும். பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் பிரிட்டனின் பாரம்பரிய ரயில்பாதைகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்; அவர்களில் படிப்பை இன்னும் முடிக்காத இளைஞர்களும் உண்டு. அவர்கள் செய்வது என்ன வேலை, அது ஏன் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

(காட்சி: வேல்ஸ் மலைச்சரிவில் ஒரு குறுகிய ரயில்பாதை.)

இந்த வழக்கம் வேல்ஸில் தொடங்கியது. மலையிலிருந்து ஸ்லேட் கல்லை இறக்குவதற்காக 1860களில் போடப்பட்ட டாலிலின் ரயில்பாதை, அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் 1950இல் காலமானபோது மூடப்படும் நிலையில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பர்மிங்காமில் கூடிய ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, 1951இல் ரயிலைத் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். தன்னார்வலர்களால் காப்பாற்றப்பட்ட உலகின் முதல் ரயில்பாதை அதுதான். ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போய், தண்டவாளத்தைப் பிடித்துவைத்திருப்பதே புல்தான் என்று சொல்லும்படி இருந்ததால், வந்தவர்கள் முதலில் பழக வேண்டியிருந்தது கட்டை மாற்றும் வேலையை. இங்கிலாந்தின் சசெக்ஸில் 1960இல் ஓடத் தொடங்கிய புளூபெல் ரயில்பாதைக்கு முதல் முயற்சி எடுத்தவர்கள் மாணவர்கள். வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்பாதையில் பழைய பாதையின் ஒரு பகுதி நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. 1965 முதல் மண்வெட்டியோடு வந்து மலைச்சரிவில் மாற்றுப்பாதை வெட்டியவர்கள் தன்னார்வலர்களே. ரயில் மீண்டும் பிளைனாய் ஃபெஸ்டினியாக் ஊரை எட்ட 1982 ஆயிற்று.

(காட்சி: பாய்லரின் கீழ் மூலையிலிருந்து பழுப்பு நிறச் சேறு வழிகிறது.)

பராமரிப்பு வேலைகளில் விரிவாகச் சொல்ல வேண்டியது பாய்லர் கழுவுவது. தண்ணீர் ஆவியாகிப் போகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்புகளும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. அவை உலையைச் சுற்றியுள்ள நீரறையின் அடி மூலைகளில் சேறாக இறங்குகின்றன, தகடுகளின் மேல் செதிலாக ஒட்டிக்கொள்கின்றன. படிவு தடித்துவிட்டால் நெருப்பின் வெப்பம் தண்ணீருக்குப் போய்ச் சேராமல் தகட்டிலேயே தேங்கி, தகடு தாங்கும் அளவுக்கு மேல் சூடேறும். ஆகவே, தண்ணீரின் தன்மையைப் பொறுத்துக் குறிப்பிட்ட இடைவெளிகளில், இன்ஜினை முழுவதும் ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, பாய்லரைச் சுற்றிலும் உள்ள அடைப்புத் திருகுகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியாக வேகமாக நீரைப் பீய்ச்சியும் கம்பியால் கிளறியும் சேற்றை வெளியேற்றுகிறார்கள்.

(காட்சி: கறை படிந்த விரல்கள் ஒரு திருகை மெதுவாகச் சுழற்றுகின்றன.)

நீர் பீய்ச்சுவது அரை நாளில் பழகிவிடும். திருகை மீண்டும் பொருத்துவதில்தான் புதியவரின் பொறுமை தெரியவரும். எந்தத் துளையிலிருந்து கழற்றினோமோ அந்தத் துளைக்கே அது திரும்பிப் போக வேண்டும். மரையில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிரஷ்ஷால் நீக்கி, மசகு தடவி, முதல் சில சுற்றுகளை ஸ்பேனர் தொடாமல் விரலால் மட்டுமே ஏற்ற வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் விரலுக்கு அது அப்போதே தெரிந்துவிடும். நீண்ட ஸ்பேனரோ கோணலையும் சேர்த்தே முறுக்கிவிடும். இன்ஜின் ஓடும்போது அந்தத் திருகுக்குப் பின்னால், சதுர அங்குலத்துக்கு 150, 200 பவுண்டு அழுத்தத்தில் கொதிநீரும் நீராவியும் நின்றுகொண்டிருக்கும். திருகு சரியாக ஏறும்போது விரலில் எப்படி இருக்கும் என்பதைக் கையேட்டில் எழுதலாம், படித்துப் பயனில்லை. பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, கழற்று, மறுபடி போடு என்று சொல்லச் சொல்லத்தான் அது கைக்கு வருகிறது.

(காட்சி: எண்ணெய்த் துணியால் சக்கரத்தைத் துடைக்கும் ஓர் இளம்பெண்.)

இன்ஜின் ஷெட்டுக்கு வரும் இளைஞருக்குப் பெரும்பாலும் துடைப்பவர் என்ற நிலைதான் முதல் படி. உலையில் கரி போடும் ஃபயர்மேனும் ஓட்டுநரும் ஆவதற்கு அதன் பிறகு பல ஆண்டுகள் பிடிக்கும். துடைக்கும் வேலையை அலுப்பானது என்று நினைப்பவர்கள் அதை ஒரு மணி நேரம் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். அழுக்கு மூடிய இரும்பில் விரிசல் தெரியாது. துணியோடு ஒவ்வோர் இணைப்புக் கம்பியையும் தடவிச் செல்பவர் தளர்ந்த நட்டையும் மயிரிழை விரிசலையும் கண்டு சொல்ல முடியும்.

பாதையிலும் வேலை ஓயாது. பழைய பாணிப் பாதைகளில் தண்டவாளம், வார்ப்பிரும்புத் தாங்கிகளில் மர ஆப்பு அடித்து இறுக்கப்பட்டிருக்கும். வெயில் காலத்தில் மரம் காய்ந்து சுருங்க, ஆப்புகள் தளர்ந்து நழுவும். நீண்ட கைப்பிடிச் சுத்தியலோடு பாதை நெடுக நடந்து, தளர்ந்ததை அடித்து ஏற்றுவதும், விழுந்ததை எடுத்துப் போடுவதும், வடிகாலில் அடைத்த இலைகளை வாருவதும் பாதைக் குழுவின் வேலை. ரயில் வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் நிற்பார். அவர் சுத்தியலைத் தொடக்கூடாது.

(காட்சி: 1960களின் ஷெட், வரிசையாக நிற்கும் இன்ஜின்கள்.)

பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவி இன்ஜின்களை 1968 ஆகஸ்டில் நிறுத்தியது. அன்று 20 வயது ஃபயர்மேனாக இருந்தவருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேல்ஸின் பாரி நகரில் இருந்த பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மட்டும் 213 இன்ஜின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள். இரும்பைப் பணம் திரட்டி மீட்க முடிந்தது. கைப்பழக்கத்தை அப்படி விலைக்கு வாங்க முடியாது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டாதவர்களைத் தொழில் நிறுவனங்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது 1920ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். பிள்ளைகளை ஆலைகளிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் காக்க எழுந்த அதன் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் ரயில்வேயும் அதில் அடங்குவதால், சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்கும் அது தடையாகுமே என்ற கவலை நெடுநாள் இருந்தது. மேலவை உறுப்பினர் பால்க்னர் பிரபு இதைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 14 வயதுப் பிள்ளையை இன்ஜினுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறக்கச் சொல்லி யாரும் வாதாடவில்லை. மேற்பார்வையில் பெட்டிக் கதவுக்கு வண்ணம் பூசவும் கருவிகளை அடுக்கவும் அந்த வயதில் வரவிடாமல் தடுத்தால், அந்தப் பிள்ளை 16 வயதில் வேறெங்கோ போயிருக்கும் என்பதுதான் ரயில்பாதைகளின் வாதம். அது நியாயமாகவே படுகிறது.

(காட்சி: கிரேன் ஒரு பாய்லரைச் சட்டத்திலிருந்து மெல்லத் தூக்குகிறது.)

ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பாய்லரை இன்ஜினிலிருந்து தூக்கி இறக்கி, பிரித்து, பெரிய பழுதுபார்ப்பு நடக்கும். இந்த ஆண்டு அப்படி முடிந்து திரும்பும் பாய்லரின் முதல் திருகை 16 வயதில் விரலால் ஏற்றுபவருக்கு, அது அடுத்த முறை தூக்கப்படும்போது வயது 26. அன்று பக்கத்தில் நிற்கும் புதியவரிடம், கழற்று, மறுபடி போடு என்று சொல்ல வேண்டியவர் அவராகவே இருக்கக்கூடும்.