கீமோ மருந்தும் உடம்புச் சூடும்

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய்க்குத் தரும் கீமோ என்றதும் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்றுதான் விசாரிப்போம். செல்லின் சூடு எத்தனை டிகிரி என்று யாரும் கேட்பதில்லை. மருந்தின் வீரியம் அதைப் பொறுத்தும் மாறும்.

சிஸ்பிளாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். அது புற்றுச்செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏ இழைகளைப் பிணைத்து முடிச்சுப் போடும் மருந்து. 37 டிகிரி செல்சியஸாக இருக்கும் சூட்டை 41, 42 ஆக்கினால் மருந்து கூடுதலாக உள்ளே போகிறது, முடிச்சுகளும் கூடுகின்றன. அப்புறம் இன்னொன்றும் நடக்கிறது. அறுந்த டிஎன்ஏவைச் செப்பனிட உதவும் பிஆர்சிஏ2 என்ற புரதம் அந்தச் சூட்டில் சிதைந்துபோகிறது. அடியும் பலமாக விழுகிறது, எழுந்து நிற்கவும் வழியில்லை. ஆனால் வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளுக்குச் சூட்டால் பெரிய பலன் இல்லை. செல்லும் சும்மா இருப்பதில்லை, வெப்பத்தைத் தாங்க உதவும் புரதங்களை உண்டாக்கிக்கொள்கிறது.

சரி, நோயாளிக்கு இதனால் என்ன? கட்டிகளை வெட்டி எடுத்த கையோடு, சூடாக்கிய மருந்தை வயிற்றுக்குள் சுற்றவிடும் சிகிச்சை உண்டு. ஹைபெக் என்பார்கள். மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோய் உள்ள 245 பெண்களிடம் நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. சிஸ்பிளாட்டின், 40 டிகிரி, 90 நிமிடம். ஹைபெக் இல்லாமல் அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 33.9 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள். ஹைபெக்கும் பெற்றவர்களில் அது 45.7 மாதம். ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது! ஆனாலும் இந்தப் பலன் சூட்டால் வந்ததா, மருந்தை நேரே வயிற்றில் விட்டதால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. சூடில்லாமல் அதே மருந்தைப் பெற்ற குழு அதில் இல்லை. பெருங்குடல் புற்று வயிற்றுக்குள் பரவியவர்களுக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை 43 டிகிரியில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில் ஆயுள் கூடவே இல்லை. அதனால் ஹைபெக் வேண்டுமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதிலை நான் சொல்லமாட்டேன்.

குளிரும் மருத்துவரின் கையில் ஒரு கருவிதான். மருந்து ஏறும்போது தலையில் குளிர்தொப்பி வைத்தால் ரத்தக் குழாய் சுருங்கி, மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறைகிறது. பலருக்கு முடி தப்புகிறது. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிக்கொள்கிறவர்கள் அடுத்த சில நாட்கள் ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டாம், ஃபிரிட்ஜுக்குள் வெறுங்கையை விடவும் வேண்டாம். குளிர் பட்டால் விரல்கள் மரத்துக் குத்தும், தொண்டை இறுக்கும்.