ஜப்பானிய பேட்டர்னில் 6 என்றால் எந்த ஊசி?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஜப்பானிய பேட்டர்ன் ஒன்றைப் பார்த்து ஸ்வெட்டர் பின்னுகிறேன். 6-ஆம் எண் ஊசி என்று போட்டிருந்தது. கடையில் 6 கேட்டு வாங்கித்தான் ஆரம்பித்தேன். ஆனால் முதுகுப் பக்கம் படத்தில் உள்ள அளவைத் தாண்டி விரிந்துகொண்டே போகிறது. நான் ரொம்பத் தளர்வாகப் பின்னுகிறேனா?"

உங்கள் கை மேல் தப்பில்லைங்க. ஊசிதான் வேறு. நம் ஊர்க் கடைகளில் எண் போட்டு வருகிற ஊசிகள் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் 6 என்றால் 5 மில்லிமீட்டர் தடிமன். ஜப்பானில் 6 என்றால் 3.9 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம், பிறகு விரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு அமெரிக்க 6 என்று ஒன்று இருக்கிறது, அது 4 மில்லிமீட்டர். அது ஜப்பான் 6-க்குக் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டதால், "இரண்டு நாட்டுக்கும் ஒரே எண்தான்" என்று சிலர் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நம்பாதீர்கள். 10-க்குப் போனால் அமெரிக்காவில் 6 மில்லிமீட்டர், ஜப்பானில் 5.1 தான்.

பிரிட்டிஷ் கணக்கில் இன்னொரு விஷயம், எண் ஏற ஏற ஊசி மெலியும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எண் ஏறினால் ஊசி தடிக்கும். அதனால் நீங்கள் அதே கடைக்குப் போய் 6-க்குப் பதிலாக 8 கேளுங்கள். பிரிட்டிஷ் 8 என்பது 4 மில்லிமீட்டர், உங்கள் பேட்டர்னுக்கு அதுதான் பக்கம்.

இந்த மூன்றில் ஜப்பான் கணக்கு மாதிரி ஒழுங்கானது எதுவும் இல்லை என்பேன். 0 எண் 2.1 மில்லிமீட்டர். அதிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் 0.3 கூடும், அவ்வளவுதான். எண்ணை 0.3-ஆல் பெருக்கி 2.1-ஐக் கூட்டுங்கள். 6 என்றால் 1.8, கூட்டினால் 3.9. இப்படியே 15 வரை போகும், அது 6.6. பட்டியலைத் தேடிக்கொண்டு இருக்கவே வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், நம்மிடம் இருக்கிற ஊசிகள் 3.5, 4, 4.5, 5 என்று வேறு படிகளில் ஏறுகின்றன. இரண்டும் அச்சாகப் பொருந்துவது 3, 8, 13 ஆகிய எண்களில்தான். அவை 3, 4.5, 6 மில்லிமீட்டர். 4-க்கு 3.25, 5-க்கு 3.5, 6-க்கு 4, 10-க்கு 5, 11-க்கு 5.5, 15-க்கு 6.5 எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 0.1-க்குள் அடங்கிவிடும். தொல்லை கொடுப்பவை 7, 9, 12, 14. உதாரணமாக 9 என்பது 4.8. 5 மில்லிமீட்டரில் பின்னினால் கொஞ்சம் தளரும், 4.5-இல் பின்னினால் இறுகும். உங்கள் கை இறுக்கமான கை என்றால் 5 எடுங்கள், தளர்ந்த கை என்றால் 4.5. மூங்கில் ஊசி நூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், உலோக ஊசியில் வழுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எது எடுத்தாலும் சாம்பிள் பின்னாமல் ஆரம்பிக்காதீர்கள். பேட்டர்னில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசை என்கிற மாதிரி ஓர் அளவு போட்டிருப்பார்கள். 15 சென்டிமீட்டர் சதுரமாவது பின்னி, நனைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 சென்டிமீட்டரை மட்டும் எண்ணுங்கள். 22 வரவேண்டிய இடத்தில் 21 வந்தால், ஒரு கண்ணிதானே என்று விட்டுவிடுவோம். ஆனால் முதுகுக்கு 110 கண்ணி என்றால், 50 சென்டிமீட்டர் வரவேண்டியது 52.4 ஆகிவிடும். முன்பக்கமும் சேர்த்தால் மார்புச் சுற்றளவில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் கூடிவிடும். பேட்டர்ன்காரருக்கும் வேண்டியது அந்த 22 கண்ணிதான், ஊசி எண் அங்கே போய்ச் சேர ஒரு வழி. வேறு எண்ணில் உங்களுக்கு 22 வந்தால் தயங்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு கண்ணி வெடி இருக்கிறது. ஜப்பானிய பேட்டர்னில் எண்ணுக்குப் பக்கத்தில், மேலே சின்னப் பெட்டி, கீழே வளைந்த கொக்கி மாதிரி ஓர் எழுத்து இருக்கும். 'கோ' என்று படிப்பார்கள். அது இருந்தால்தான் நான் சொன்ன கணக்கு. 15-க்கு மேலே தடித்த ஊசிகளுக்கு எண் கிடையாது, நேராக மில்லிமீட்டரையே போடுவார்கள். ஆக, 8 கோ என்றால் 4.5 மில்லிமீட்டர் ஊசி, 8 மில்லிமீட்டர் என்றால் பென்சில் தடிமனுக்கு ஒரு ஜம்போ ஊசி. எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள்.

எண் அழிந்துபோன ஊசிகள் பெட்டியில் கிடந்தால், துளை போட்ட ஊசி அளவுகோல் கிடைக்கும், அதில் விட்டுப் பாருங்கள். ஜப்பான் ஊசிக்கு அது சரிப்பட்டு வராது, துளைகள் நம் அளவுக்குப் போட்டவை. தடிமனை மில்லிமீட்டரில் நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவி இருந்தால் சுலபம்.

குரோஷா ஊசிக்கும் இதே சூத்திரமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இல்லை. அதில் 5/0, 6/0 என்று போட்டிருக்கும். 5/0 என்பது 3 மில்லிமீட்டர், 6/0 என்பது 3.5, 7/0 என்பது 4. ஆனால் 8/0 என்பது 5, நடுவில் 4.5-க்காக 7.5/0 என்று தனியாக ஒன்று. லேஸ் பின்னுகிற மெல்லிய குரோஷா ஊசிகளில் கணக்கே தலைகீழ்: 0 எண் 1.75, 2 எண் 1.5, 4 எண் 1.25 மில்லிமீட்டர். அதற்குச் சூத்திரம் எதுவும் தேடாதீர்கள், பட்டியலை எழுதி ஊசிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.