மூடத் தெரியாமலே தேவாலயம் கட்டிய ஊர்!

(திரையில்: கூரை இல்லாமல் நிற்கும் எண்கோணச் சுவர்)

வணக்கம் நண்பர்களே! வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, "கூரை எப்படிப் போடுறதுன்னு தெரியலையே" என்று ஒருவர் தலையைச் சொறிந்தால் எப்படி இருக்கும்? இத்தாலியில் பிளாரன்ஸ் என்ற ஊரே அப்படி நின்றது. 1296இல் தேவாலய வேலையை ஆரம்பித்தார்கள். நூறு வருடம் தாண்டியும் நடுவில் ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்துக்கு வானம்தான் கூரை.

மறுமலர்ச்சிக் காலம் என்றாலே மோனலிசாவில்தான் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த ஓட்டையில் ஆரம்பிக்க வேண்டும். பின்னணி ஒரே மூச்சில்: கம்பளி வியாபாரமும் வங்கித் தொழிலும் கொட்டிய பணம், 1348இன் கொள்ளைநோய், பழைய கிரேக்க, ரோமானிய நூல்கள் மேல் வந்த மோகம். சரி, ஓட்டைக்கு வருவோம்.

அதைக் குவிமாடத்தால் மூட 1418இல் போட்டி அறிவித்தார்கள். வளைவு கட்ட வேண்டுமானால் அடியில் மரச்சாரம் கட்டி, மேலே கல் அடுக்கி, காரை இறுகியதும் சாரத்தைப் பிரிப்பதுதான் வழக்கம். இவ்வளவு பெரிய வாய்க்குச் சாரம் கட்ட மரத்துக்கு எங்கே போவது? சாரமே வேண்டாம் என்றார் ஒருவர்: பிலிப்போ புருனெல்லெஸ்கி. கற்ற தொழில் பொன்வேலை! எப்படிக் கட்டுவாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். வழியைச் சொல்லிவிட்டால் யாரும் செய்துவிடுவார்கள் என்பதற்கு, முட்டையின் அடியைத் தட்டி மேசையில் நிறுத்திக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. நூறு வருடத்துக்கு அப்புறம் எழுதியது, நான் பாதிதான் நம்புகிறேன்.

(திரையில்: செங்கல் வரிசை, மிக அருகில்)

இதைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம். குவிமாடம் உயர உயர வரிசைகள் உள்பக்கமாகச் சாயும். ஈரக்காரையில் வைத்த செங்கல் வழுக்கிக் கீழே வரத்தானே செய்யும்? அதற்குத்தான் படுக்கை வரிசையில் இடையிடையே ஒரு செங்கலை நிமிர்த்தி வைத்தார். அது மேல் வரிசைக்குள் நீட்டிக்கொண்டு நின்று, பக்கத்துச் செங்கற்களை இடுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்தடுத்த வரிசையில் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்க, மொத்தமும் மீன்முள் மாதிரி சுற்றி ஏறுகிறது. காரை காயும்வரை செங்கலே செங்கலுக்குச் சாரம்!

சரக்கு ஏற்றியது மாடுகள். வழக்கமான ஏற்றத்தில் கயிறு இறங்க வேண்டுமானால் மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். இவரோ பல்சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். மாடு அதே திசையில் சுற்றும், பாரம் மட்டும் மேலே போகும், கீழே வரும். எனக்காக வேண்டாம், அந்த மாட்டுக்காக ஒரு லைக் போடுங்கள்.

நடுவில், 1434இல், தொழிற்சங்கச் சந்தா கட்டாததற்காக மனிதரைச் சிறையில் போட்டார்கள் என்பது தனிக்கூத்து. 1420இல் தொடங்கிய குவிமாடம் 1436இல் மூடியது.

உச்சியில் செப்புக் கோளம் ஏறியது 1471இல், அவர் இறந்து 25 வருடம் கழித்து. கோளத்தைச் செய்தது சிற்பி வெரோக்கியோவின் பட்டறை. அங்கே வேலை கற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞன் பின்னாளில் புருனெல்லெஸ்கியின் இயந்திரங்களைத் தன் குறிப்பேட்டில் வரைந்து வைத்தான். பெயர் லியனார்டோ. கடைசியில் மோனலிசாவிடமே வந்துவிட்டோம் பாருங்கள்!

அந்தக் கோளம் 1600இல் இடி விழுந்து கீழே உருண்டது. போனால் தேவாலயத்தின் பின்பக்கத் தரையைப் பாருங்கள். அது விழுந்த இடத்தில் ஒரு வட்டப் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள், எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே அதை மிதித்துப் போகிறார்கள்.