எத்தனை இன்ச் தூக்கலாம்ங்கறது கடைசிக் கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். ரோட்டுலயும் ஓட்டணும், காட்டு வழியிலயும் ஓட்டணும்னு டிரக் வெச்சிருக்கறவங்க லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயரமா தூக்கற பாகங்களோட செட், எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க, நேரா விஷயத்துக்கே வந்துடறேன். எல்லாரும் முதல்ல கேக்கறது எத்தனை இன்ச்னுதான், 2 போதுமா, 4 போடலாமா, 6 போட்டா கெத்தா இருக்குமேன்னு. என்னைக் கேட்டா அந்த எண் கடைசியா வரவேண்டியது. முதல்ல டயர், அடுத்து வண்டில எப்பவும் ஏத்தி வெச்சிருக்கற பாரம், அப்புறம் தார் ரோட்டுல எவ்வளவு ஓடுது மண்ணு கல்லுல எவ்வளவு ஓடுதுங்கறது. இந்த மூணுக்கும் ஒழுங்கா பதில் சொல்லிட்டீங்கன்னா இன்ச் தானா வந்து நிக்கும், பெரும்பாலும் நீங்க மனசுல வெச்சிருந்ததைவிட கம்மியாத்தான் இருக்கும்.

டயரை ஏன் முதல்ல சொல்றேன்னா, வண்டிக்கடியில குனிஞ்சு பாருங்க, பின் ஆக்ஸில் நடுவுல உருண்டையா ஒண்ணு தொங்கும், டிஃபரன்ஷியல் ஹவுசிங், ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கற கியர்ப் பெட்டி. கல்லுல இடிக்கறது பெரும்பாலும் அதுதான். நீங்க 6 இன்ச் லிஃப்ட் போட்டாலும் அது இருக்கற இடத்துலயேதான் இருக்கும், ஏன்னா அது ஸ்ப்ரிங்குக்குக் கீழ, சக்கரத்தோட சேர்ந்து உக்காந்திருக்கு. டயர் பெருசானாத்தான் அது மேல வரும், அதுவும் பாதிக் கணக்குலதான், 31 இன்ச் உயர டயரைக் கழட்டிட்டு 33 போட்டா 1 இன்ச் கிடைக்கும். அப்ப லிஃப்ட் எதுக்குன்னா, அந்தப் பெரிய டயர் ஃபெண்டர்ல உரசாம சுத்தறதுக்கு இடம் பண்ணும், சேஸை மேல தூக்கும், மேட்டுல ஏறி இறங்கறப்போ முன் பம்பரும் நடு வயிறும் பின்பக்கமும் தட்டாம பாத்துக்கும். அதனால எந்த டயர்னு முடிவு பண்ணிட்டு அதுக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவு மட்டும் தூக்குங்க. நடுத்தர சைஸ் பிக்கப்ல 33 வரைக்கும் போறவங்களுக்கு 2லேர்ந்து 3 இன்ச் பெரும்பாலும் போதும், சில வண்டில ஃபெண்டர் லைனரைக் கொஞ்சம் வெட்ட வேண்டி வரும், அவ்வளவுதான்.

டயர் பெருசானா வேற செலவும் கூடவே வரும். 31லேர்ந்து 33 போனா மீட்டர் 100 காட்டறப்போ வண்டி நெஜமா 106 கிட்ட போயிட்டிருக்கும். கியரும் மாறின மாதிரிதான், 3.73 ஆக்ஸில் ரேஷியோ இருந்தா, அதாவது ஆக்ஸிலைச் சுத்தற டிரைவ் ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து, 33 டயர்ல அது 3.50 மாதிரி இழுக்கும், 35 போட்டா 3.30 மாதிரி, எண் குறையக் குறைய இழுவை குறையும், மேடேறப்போ இன்ஜின் திணறுது கியர் மாறிக்கிட்டே இருக்குன்னு புலம்பறது இதனாலதான். பிரேக்குக்கும் வேலை அதிகம், கனமான சக்கரத்தை நிறுத்தணும் இல்லையா.

இப்ப கிட்டுக்கு வருவோம். பாடி லிஃப்ட்னு ஒண்ணு இருக்கு, சேஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டை வெச்சுத் தூக்கறது, டயருக்கு இடம் கிடைக்கும், சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும். அடுத்தது ஸ்பேசர். முன் ஸ்ட்ரட்டுக்கு, அதாவது ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒண்ணா இருக்கற பாகத்துக்கு, மேல ஒரு தட்டு வெச்சா வேலை முடிஞ்சுது, ஒரு இன்ச் தட்டு சக்கரத்துல ஏறக்குறைய ரெண்டு இன்ச் தூக்கும், ஏன்னா சக்கரத்தைத் தாங்கற ஆர்மோட நடுவுலதான் ஸ்ட்ரட் பிடிச்சிருக்கு. சஸ்தா, சீக்கிரம் முடியும், ரோட்டுல மட்டும் ஓட்டறவங்களுக்குப் பரவால்ல. ஆனா ஷாக் நீண்டு சுருங்கற ஓட்டம் ஒரு துளிகூட கூடல, சக்கரம் மட்டும் முன்னைவிட கீழ தொங்குது, குழில இறங்கறப்போ மேல் ஆர்ம் போய் ஸ்ப்ரிங்குல இடிக்கும், ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கற பால் ஜாயின்ட் அதோட எல்லைக்குப் போய் முட்டும். கரடுமுரடா ஓட்டறவங்க ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வர்ற கிட்டுக்கே போங்க, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

முன்பக்கம் ரெண்டு சக்கரமும் தனித்தனியா அசையற இண்டிபென்டென்ட் சஸ்பென்ஷன்னா இன்னொண்ணு கவனிக்கணும். அங்க டிஃபரன்ஷியல் சேஸோட மேல போயிடும், சக்கரம் கீழயே இருக்கும், நடுவுல சக்கரத்தைச் சுத்தற ராடு, சிவி ஆக்ஸில், சாய்வா நிக்கும். சாய்வு கூடக் கூட அதோட ஜாயின்ட்டை மூடியிருக்கற ரப்பர் பூட்டோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயும், ஒரு நாள் கிழியும், சக்கரத்தோட உள்பக்கமெல்லாம் கருப்பா கிரீஸ் தெறிச்சிருக்கும், அதைக் கவனிக்காம மண்ணுக்குள்ள ஓட்டினா ஜாயின்ட்டே போயிடும். அதனால 2, 3 இன்ச்சுக்கு மேல போறவங்க டிஃபரன்ஷியலைக் கீழ இறக்கற பிராக்கெட்டும் மேல் கன்ட்ரோல் ஆர்மும் கிட்டுல இருக்கான்னு பாருங்க. ஆர்ம் மாத்தலன்னா காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பற அச்சோட முன்பின் சாய்வு, சரியா வராது, ஸ்டீயரிங் நேரா நிக்காம அலையும்.

பின்னாடி பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்ப்ரிங். ஆக்ஸிலுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் நடுவுல கட்டை வெச்சுத் தூக்கலாம், கூட ஒரு பட்டை சொருகலாம், இல்ல முழு ஸ்ப்ரிங்கையே மாத்தலாம். கட்டை உயரமானா ஆக்ஸில் முறுக்கிக்கிட்டு ஸ்ப்ரிங்கை எஸ் மாதிரி வளைக்கும், ஆக்ஸிலரேட்டர் அமுக்கறப்போ பின்பக்கம் குதிக்கறது அதுதான். ஒரு கட்டை மேல இன்னொரு கட்டை வைக்காதீங்க, முன் ஆக்ஸில்ல கட்டை வைக்கவே வைக்காதீங்க. முழு ஸ்ப்ரிங் மாத்தறவங்க பாரத்தைப் பத்தி பொய் சொல்லக்கூடாது. மேல கூடாரம், பின்னாடி டிராயர், ஸ்டீல் பம்பர், வின்ச்னு எப்பவும் வண்டிலயே இருக்கற பாரம் எவ்வளவோ அதுக்குத்தான் ஸ்ப்ரிங். வருஷத்துக்கு ஒரு தடவை லோடு ஏத்தறோம்னு ஹெவி ஸ்ப்ரிங் போட்டா மத்த நாளெல்லாம் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும், அலை அலையா இருக்கற மண் ரோட்டுல பின் சக்கரம் தரையில நிக்கவே நிக்காது, அப்ப பிடிப்பு எங்கேர்ந்து வரும்?

ஷாக்குல நீளத்தைப் பாருங்க. விரிஞ்ச நீளம் மட்டும் இல்ல, சுருங்கின நீளமும். சக்கரம் ரொம்ப மேல வராம தடுக்கற ரப்பர் கட்டை, பம்ப் ஸ்டாப், முட்டறதுக்கு முன்னாடியே ஷாக் முழுசா சுருங்கிடுச்சுன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் அடி வாங்கறது ஷாக்தான், கொஞ்ச நாள்ல எண்ணெய் கசியும். நீளமான மண் ரோட்டுல வேகமா போறவங்களுக்கு ஷாக் சூடாகும், சூடானா தளர்ந்துபோகும், அவங்களுக்கு மோனோட்யூப், அதாவது ஒரே குழாய் உள்ள ஷாக், நல்லது, சூட்டை சீக்கிரம் வெளிய விடும்.

வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஹைவேல போற வண்டிதானே இது, அதனால இதையும் சொல்லியாகணும். உயரம் கூடினா வண்டியோட எடை மையமும் மேல போகும், திடீர்னு ஸ்டீயரிங் வெட்டறப்போ கவுற வாய்ப்பு கூடும், எந்த விலையுயர்ந்த கிட்டாலயும் இதை முழுசா இல்லாம பண்ண முடியாது. 6 இன்ச் வேணும்ங்கறவங்க இதைத் தெரிஞ்சே போடுங்க. உங்க ஊர்ச் சட்டம் எவ்வளவு விடுது, இன்சூரன்ஸ் ஒத்துக்குதான்னு கிட் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க, மாட்டின அப்புறம் இல்ல.

மாட்டி முடிச்சு வண்டி எடுக்கறப்போ பிரேக் ஹோஸ் சக்கரம் முழுசா தொங்கற நிலையிலயும் இழுபடாம இருக்கான்னு கண்ணால பாருங்க. அலைன்மென்ட் பண்ணுங்க, ஹெட்லைட்டை இறக்கி வெக்கச் சொல்லுங்க, முன் கேமரா ரேடார் இருக்கற வண்டின்னா அதையும் கேலிபரேட் பண்ணணும். ஒரு குறிப்பிட்ட வேகத்துல காலுக்கடியில வண்டித் தரையில நடுக்கம் வந்தா டிரைவ் ஷாஃப்ட் சாய்வைப் பாக்கச் சொல்லுங்க. ஆக்ஸிலை ஸ்ப்ரிங்கோட சேத்துக் கட்டற பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்ட விடாதீங்க, ஒரு தடவை முறுக்கி நீண்டது, புதுசுதான் வேணும். கொஞ்ச தூரம் ஓட்டின அப்புறம், ஒரு சில நூறு கிலோமீட்டருக்குள்ள, திரும்பக் கொண்டுபோய் அந்த நட்டுங்களை எல்லாம் சரியான அளவு இறுக்கம் காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சு இன்னொரு தடவை முறுக்கச் சொல்லுங்க, முதல் பெரிய காட்டுப் பயணத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே.