கும்பகோணம் ஏன் தேடலில் வரவில்லை?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இரண்டே வரி பைத்தான் நிரல் பற்றிப் பேசப் போகிறேன். அந்த இரண்டு வரி எங்கள் குழுவின் குறிப்புக் கோப்பிலேயே இருந்தது. ஆனால் அது தெரியாமல் நான் இரண்டு நாள் திண்டாடினேன். அதனால்தான் இந்த வீடியோ.

பார்சல்களுக்கு முகவரிச் சீட்டு அச்சிடும் ஒரு செயலியில் வேலை செய்துகொண்டிருந்தேன். தேடல் பெட்டியில் மதுரை என்று அடித்தால் வருகிறது. திருச்சி, தேனி, திண்டுக்கல் எல்லாம் வருகின்றன. கும்பகோணம் மட்டும் வரவில்லை. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் கும்பகோணம் கண் முன்னால் நிற்கிறது! அப்புறம் பார்த்தால் கோவையும் வரவில்லை, பொள்ளாச்சியும் வரவில்லை, கொடைக்கானலும் வரவில்லை.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலே துப்பு. கோ, பொ, கொ. எல்லாமே ஒகர, ஓகார உயிர்மெய். எனக்கு அது உறைக்கவே ஒன்றரை நாள் ஆனது.

திரையைப் பாருங்கள். யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண் முறையில், 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தும் ஓகாரக் குறி ஒன்றும் சேர்ந்தால் 'கோ'. அதே க-வுக்கு ஏகாரக் கொம்பு தனியாக, கால் தனியாகக் கொடுத்தாலும் 'கோ'. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பைத்தானில் நீளத்தை அளக்க லென் போட்டால், அது கொம்பு, கால், புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்: முதல் கும்பகோணத்துக்கு 10 வரும், இரண்டாவதுக்கு 11. நாம் எண்ணினால் வெறும் 6 எழுத்து. கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள், அதனால் சமம் இல்லை என்றது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? ஊர் வாரியான கோப்புகள் ஒரு பழைய மேக் கணினியில் இருந்தன. எங்கள் நிரல் கோப்பின் பெயரிலிருந்துதான் ஊர்ப் பெயரை எடுத்தது. அந்த மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். இதனால் அச்சிலும் ஒரு பிழை வந்தது. ஊர்ப் பெயருக்கு 10 இடம் ஒதுக்கியிருந்தோம், 11-வதாக வந்த புள்ளி வெட்டுப்பட்டு, 'கும்பகோணம' என்று சீட்டு வந்தது. ஒரு ஊரின் பெயரை இப்படி அச்சிட்டு அனுப்பினோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தீர்வு எளிது. யூனிகோட்டேட்டா மாட்யூலை இம்போர்ட் செய்ய வேண்டும், உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி, அதாவது சேர்ந்த வடிவம், என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பிரிந்தது சேர்ந்துவிடும். சேமிக்கும்போதும் செய்யுங்கள், தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

சரி, இதே இரண்டு வரியைக் குழுவில் மூத்தவர் ஒருவர் முன்பே எழுதி வைத்திருந்தார். தலைப்பு என்ன தெரியுமா? 'என்எஃப்சி நார்மலைசேஷன்'. அவருக்கு விடை தெரியும், அதனால் விடையைத் தலைப்பாக வைத்தார். எனக்குத் தெரிந்ததோ நோய்க்குறி மட்டும். நான் 'தேடலில் வரவில்லை' என்று தேடினேன், 'கும்பகோணம்' என்று தேடினேன். எப்படிக் கிடைக்கும்?

அன்றிலிருந்து குறிப்பு எழுதும்போது, மாட்டிக்கொண்டு நிற்பவர் என்ன சொல்லித் தேடுவாரோ அதைத்தான் தலைப்பாக வைக்கிறேன். அதன் கீழே, நிரலை உடைத்துக் காட்டிய அந்த உள்ளீட்டை அப்படியே ஒட்டுகிறேன். எனக்கு ஸ்னிப்பெட்டைவிட, அதாவது நிரல் துண்டைவிட, அந்த உள்ளீடு முக்கியம். நிரலை யாரும் திரும்ப எழுதிக்கொள்ளலாம், அந்தப் பிரிந்த 'கோ' கையில் இல்லாவிட்டால் சோதிக்கவே முடியாது.

அனுப்பும் விதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதிலிருந்து நகலெடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வெறுமனே ஒட்டினால் நட்சத்திரக் குறிகள் தடித்த எழுத்தாக மாறிவிடும். முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (`) போட்டால் அப்படியே நிற்கும். நிரல் துண்டுகளைப் பகிரும் கிட்ஹப் ஜிஸ்டில் 'சீக்ரெட்' என்று வைத்தாலும், இணைப்பு கிடைத்த யாரும் திறந்து பார்க்கலாம். அதனால் ஏபிஐ சாவி, கடவுச்சொல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

இப்போது அந்தக் குறிப்பைப் படிக்கிறேன், கேளுங்கள். தலைப்பு: 'ஊர்ப் பெயர் தரவுத்தளத்தில் இருக்கிறது, தேடினால் வரவில்லை, கோவை, கும்பகோணம்'. அடுத்து இரண்டு வடிவத்திலும் கும்பகோணம், 10 என்றும் 11 என்றும் பக்கத்தில். அப்புறம் அந்த இரண்டு வரி. கடைசியில், 'இது எங்கே உதவாது' என்று ஓர் இடம் காலியாக விட்டிருந்தேன்.

குழுவுக்குப் புதிதாக வந்த தங்கை ஒருவர் போன வாரம் அதை நிரப்பியிருக்கிறார்: "கௌரி என்பதைப் பலர் ளகரம் போட்டுக் கெளரி என்று அடிக்கிறார்கள். என்எஃப்சி இதைச் சரிசெய்யாது. இரண்டையும் சோதித்துப் பார்த்தேன்." கீழே இரண்டு கௌரியையும் ஒட்டி வைத்திருக்கிறார்.