ஒரே குரல், இரண்டு முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

1994இல் வந்த 'லயன் கிங்' படத்திலும் சரி, 2019இல் அதை மறுபடி எடுத்தபோதும் சரி, ராஜா சிங்கமான முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்தான். மறு ஆக்கத்தை எடைபோட இதைவிட நல்ல எடைக்கல் கிடைக்காது. குரல் அதேதான் என்பதால், மாறியிருப்பது முகம் மட்டும்.

இதை ஆங்கில ஒலித்தடத்தில்தான் சோதிக்க முடியும். இரவில் நட்சத்திரங்களைக் காட்டி முஃபாசா தன் குட்டி சிம்பாவிடம் பேசுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் படத்தை முதலில் போடுங்கள். பழையதை முதலில் பார்த்தால் அதன் உருக்கம் மனசில் தங்கி, புதியதற்கும் கடன் கொடுத்துவிடும். முதல் தடவை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கேட்கும்போது இரண்டுமே நெஞ்சைப் பிசையும். ஊமையாகப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். சிங்கத்துக்குப் புருவம் கிடையாது. 1994இல் ஓவியர்கள் அதற்குப் புருவம் வரைந்தார்கள், கண்ணின் வெள்ளையைப் பெரிதாகக் காட்டினார்கள், வாயோரத்தை மனுஷ வாய்போல வளைத்தார்கள். 2019இல் இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ நிஜ விலங்கின் முகத்தை மீறக்கூடாது என்று முடிவெடுத்தார். அதனால் பயம், துக்கம், குறும்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே முகம். கணினியில் திறமைக்குப் பஞ்சமில்லை. ரோமம் ஒவ்வொன்றும் காற்றில் அசைகிறது. குறை அந்த முடிவில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். புதுப் படத்தை 'லைவ் ஆக்‌ஷன்', அதாவது நிஜத்தைக் கேமராவில் பிடித்த படம், என்பதே தப்பு. தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான் நிஜமாகக் கேமராவில் எடுத்தது. மற்றதெல்லாம் கணினி அனிமேஷன்.

பாட்டுகளில் இந்த முடிவு இன்னும் அடிவாங்குகிறது. சிம்பா ராஜாவாகத் துடிக்கிற பாட்டில் பழைய படம் நிறங்களையே மாற்றி, விலங்குகளைக் கோபுரமாக அடுக்கியது. புதியதில் குட்டிகள் தண்ணீர்க் கரையில் ஓடுகின்றன, அவ்வளவுதான். காதல் பாட்டின் வரியிலேயே 'இன்றிரவு' இருக்கிறது. திரையில் பளீரென்று வெயில்! முஃபாசாவின் தம்பியும் வில்லனுமான ஸ்காரின் சதிப் பாட்டோ பாதி வசனமாகச் சுருங்கிவிட்டது.

தமிழ் டப்பிங்கில் ஸ்காருக்கு அரவிந்த் சாமியும் சிம்பாவுக்கு சித்தார்த்தும் பேசினார்கள். முகம் ஒத்துழைக்காத இடத்தில் குரலுக்குத்தான் சுமை அதிகம். தமிழில் பார்க்கிறவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய படம் 88 நிமிடம், புதியது 118. கூடுதலான அரை மணி நேரம் எங்கே போனது என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் இழுவைதான். ஆனால் ஓரிடம் உண்டு. சிம்பா உயிரோடிருக்கும் சேதி, பழைய படத்தில் காற்றோடு ரஃபிக்கி என்ற குரங்கிடம் போய்ச் சேரும். புதியதில் அவன் பிடரி மயிர்க்கற்றை பறவையிடம் போய், ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக்குள் புகுந்து, சாணத்தோடு வெளியே வந்து, சாணி வண்டு உருட்டிப்போய், எறும்புகள் சுமந்துபோய், கடைசியில் ரஃபிக்கியின் கைக்குக் கிடைக்கிறது. இதைக் கேலி செய்தவர்கள் பலர். நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். சாணி வண்டு சாணி வண்டாகவே இருந்தால் போதும், அதற்குப் புருவம் தேவைப்படவில்லை.

வணக்கம்.